ஆட்டுக்கு இருக்கு, வண்டிக்கு இல்லை

அன்புள்ள அப்பாவுக்கு, திருப்பூரிலிருந்து முருகலட்சுமி. நான் சுகம். அங்கே அம்மாவும் ஆடுகளும் சுகமா? உங்களைக் கேட்கமாட்டேன், கோபம்.

போனில் திட்டினால் சிரித்தே கட் பண்ணுறீக, அதான் கடிதம். பந்தல்குடியில் இன்சூரன்ஸ் கேட்டுப் போலீஸ் மறிச்சதும், அம்மாவைப் பின்னால் வச்சுக்கிட்டே பைக்கைத் திருப்பி லாரிகளுக்கு நடுவே பறந்திருக்கீக. "அவுகளுக்கே தண்ணி காட்டிட்டேன்"னு பெருமை வேற! அம்மா விழுந்திருந்தா?

ஆட்டுக்கெல்லாம் காதுல கம்மல் கணக்கா வில்லை மாட்டி இன்சூரன்ஸ் போட்டீகளே, அம்மா ஏறுற வண்டிக்குப் போட மனசு வரலையா?

ஹாஸ்டல் சோறு இறங்கல. அம்மாவைச் சேவு சுட்டுக் கொடுத்துவிடச் சொல்லுங்க.

கம்பெனியில மணி அடிச்சிட்டாக. இன்சூரன்ஸ் எடுக்கிறவரை வண்டியைத் தொடாதீக. அவசரம்னா ஆட்டு மேல ஏறி டவுனுக்குப் போங்க, அதுக்குத்தான் இன்சூரன்ஸ் இருக்கே!

உங்க மக,
முருகலட்சுமி