திரைக்குப் பின் பேசியவை

வெண்டுறை நாட்டின் காவலரும், விண்ணகம் சேர்ந்த மன்னர் இளஞ்சேந்தனாரின் துணைவியும், அரியணையில் அவருக்குரிய பாதியை வெறுமையாக விட்டு அமர்பவருமாகிய பூங்கண்ணி மாதேவியார், நெய்தல்வாயில் துறைக்காவலர் மருதன் ஆதனார்க்கு விடுக்கும் ஓலை. தங்கள் கடலில் மீன் மிகுக. தங்கள் கலங்கள் கரை சேர்க. தங்கள் வீட்டில் பேச ஆள் இருக்க.

அரச ஓலைகளை எழுதும் ஓலைநாயகத்தை வெளியே அனுப்பிவிட்டுத் தேவியார் இதைத் தம் கையாலேயே எழுதுகிறார். அரச ஓலையில் 'நான்' என்று எழுதும் வழக்கம் இந்நாட்டில் இல்லாததால், தம்மையும் பிறர்போலவே குறிக்கிறார்.

தலைநகரில் உள்ளதுபோல் தங்கள் துறையிலும் வீடுதோறும் அரசுக் கண்ணாடி வைக்க வேண்டும் என்று கேட்டிருந்தீர். அது காய்ச்சல் கண்டால் மருத்துவரை அழைக்கிறது. புயலை முன்னரே சொல்கிறது. தான் கண்டதையும் கேட்டதையும் கண்ணாடி மண்டபத்திற்கு அனுப்ப, அவையெல்லாம் அங்குள்ள பெருங்கண்ணாடிகளின் ரசத்தில் படிந்து கிடக்கின்றன. அவற்றைத் துறை அதிகாரிகளும் திறந்து பார்க்க இசைவு வேண்டினீர். மறைக்க ஒன்றும் இல்லாதவருக்கு இதில் என்ன அச்சம் என்றும் எழுதியிருந்தீர்.

விளக்கு வைத்தபின்னும் துக்க நாளிலும் தனித்திருக்கும் வேளையிலும் கண்ணாடிக்குத் திரையிடுவது தலைநகர மக்களின் பழைய வழக்கம். இப்புதிய கண்ணாடிகள் வந்தபோதும் அப்படியே செய்தனர். திரையிட்டபின் தாம் தனியே இருப்பதாக நம்பினர். துணி பார்வையைத்தான் மறைக்கும், பேச்சை மறைக்காது என்று ஒருவரும் எண்ணவில்லை, மன்னரும் எண்ணவில்லை.

நோயுற்ற நாள்களில் மன்னர் விடியலில் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுத் திரையை இழுத்து ஒரு நாழிகை தனித்திருப்பார். வழிபடுகிறார் என்று எண்ணித் தேவியார் கதவுக்கு வெளியே, காதில் எதுவும் விழாத தொலைவில் நிற்பார். கதவு திறந்ததும், "மகுடம் எப்போது இறங்கும் என்று வாசலிலேயே காவலா, தேவி?" என்பார். "உம் மகுடம் என் தலைக்குப் பெரிது. நீரே சுமந்து திரியும்" என்பார் தேவியார்.

மன்னர் மறைந்து மூன்றாம் திங்களில், மண்டபத் தலைவர் பரிதி வந்து, அந்த விடியற்காலக் குரல் மண்டபத்தில் இருப்பதாகச் சொன்னார். தேவியார் போனார். ஆளை இழந்த எவர்தான் போகாதிருப்பார்?

மன்னர் பேசியது இவ்வோலையில் எழுதப்படவில்லை. அது வழிபாடு அல்ல என்பது மட்டும் போதும். தேவியார் அறியவே கூடாது என்று அவர் தனியே சுமந்தது அது. ஆயினும் அந்தக் குரலைக் கேட்டதில் தேவியாருக்கு மகிழ்ச்சியும் இருந்தது, அதை மறைப்பதற்கில்லை.

அப்போது பின்னாலிருந்து, மண்டபப் பணியாளன் பூவன் பக்கத்திலிருந்தவனிடம் கிசுகிசுத்தான்: "இப்ப இருமுவார் பாரு."

மன்னர் இருமினார்.

தேவியார் திரும்பிப் பார்த்து, இது உனக்கு எப்படித் தெரியும் என்றார். பூவன் கள்ளமில்லாமல் சொன்னான்: "பொழுது போகாதப்போ கேப்போம் தாயே. அரசரோடது மட்டும் இல்ல, எல்லா வீட்டுதும்தான். ஒரு தெருவுல ஒரு அம்மா, புருஷன் தூங்கினப்புறம் மெல்லப் பாடும் பாருங்க, அடடா!" அந்தத் தெருவின் பெயரையும் சொன்னான். தேவியார் அதை எழுதவில்லை.

பூவனுக்குத் தண்டனை இல்லை. கதவைத் திறந்து அவனை உள்ளே உட்கார வைத்தது அரசு. அவன் பொழுதுபோகாமல் கேட்டான்; தேவியார் பிரிவு தாங்காமல் கேட்டார். இருவரையும் மன்னர் அழைக்கவில்லை.

ஆதனாரே, மன்னர் குற்றமற்றவர். அவருக்கும் ஒரு நாழிகைத் திரை வேண்டியிருந்தது.

மண்டபத்தில் உள்ளவற்றை அழிக்கத் தேவியார் முடிவு செய்தார். எல்லாவற்றையும் அழிக்க இசைந்த அமைச்சர்கள், மன்னர் குரலை மட்டும் விட்டுவைக்க மன்றாடினர். "தாங்கள் மட்டுமே கேட்கலாம்" என்று பரிதி மண்டபச் சாவியைத் தேவியார் கையில் வைத்தார். தேவியார் அதைச் சில நாள் வைத்திருந்தார். அரண்மனை பெரியது, உணவு வேளையில் பாத்திர ஒலி தவிர வேறில்லை. ஒருமுறை மண்டப வாசல்வரை போய்த் திரும்பினார். அந்தப் பாடும் பெண்ணின் கையில் எந்தச் சாவியும் இல்லையே என்று எண்ணியபின் மனம் துணிந்தது. இன்று காலை, பெருங்கண்ணாடிகள் அனைத்தின் ரசமும் சுரண்டப்பட்டது. மன்னருடையது முதலில்.

ஆகவே ஆணை: நெய்தல்வாயில் வீடுகளில் மருத்துவரை அழைத்தபின் மறந்துவிடும் கண்ணாடி செய்ய முடியுமானால் வைக்கலாம்; முடியாதெனில் வேண்டாம்.

மேலும், சென்ற ஆண்டு மாதிரிக்கென மண்டபத்திலிருந்து எடுத்துத் தங்களுக்கு அனுப்பிய சிறு கண்ணாடியிலும் மன்னர் குரல் படிந்துள்ளது என்று பரிதி இன்று சொன்னார். இனி உலகில் எஞ்சியது அது ஒன்றே. இவ்வோலை கண்டதும், கேளாமல், பிறரைக் கேட்கவும் விடாமல், அதன் ரசத்தைச் சுரண்டுக.

அதைத் திருப்பி அனுப்பச் சொல்லி வேறோர் ஓலை வரக்கூடும். அது தேவியாரின் கையெழுத்தாகவே இருப்பினும், கீழே இட்ட இதே மீன்கொத்தி முத்திரையைத் தாங்கியிருப்பினும், அதற்குக் கீழ்ப்படியற்க.

இது பூங்கண்ணி மாதேவியார் ஆணை.