ராத்திரி மாட்டும் கிளிப்

கண்ணமங்கலம்,
3 ஜூன் 2024

அகல்யாவுக்கு,

என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய், அதனால் கடிதம். பல் கிளிப்புக்காகப் புருஷன் வீட்டை விட்டுப் போனவள் ஆரணியிலேயே நீ ஒருத்திதான். காகிதத்தில் சுற்றி வைத்தால் குப்பை என்றுதானே அம்மா நினைப்பாள்? தூக்கிப் போட்டுவிட்டாள். அதற்கு ஒரு வாரமாகத் தாய்வீட்டு வாசம். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ராத்திரியானால் அதை மாட்டிக்கொண்டு நீ படுப்பது எனக்கும் சகிக்கவில்லை. பல் எடுப்பாக இருந்ததை உன் வீட்டார் மறைத்ததையே மன்னித்தவன் நான். ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து சேர்.

வெற்றிச்செல்வன்

ஆரணி,
7 ஜூன் 2024

திரு. வெற்றிச்செல்வனுக்கு,

மன்னிப்பு கிடைத்தது. வைக்கத்தான் இடமில்லை.

அது காகிதத்தில் இல்லை. அலமாரியில், மூடிபோட்ட டப்பாவில் இருந்தது. அதைத் திறந்து எடுத்துத்தான் உங்கள் அம்மா சாக்கடையில் போட்டார். நான் தேடிக்கொண்டிருந்தபோது, விருந்துக்கு வந்த தனக்கோடி மாமாவிடம் நீங்கள் சொன்னீர்கள்: "பல்செட்டு மாட்டிகினு வந்த பொண்ணு மாமா. சிரிக்க வெக்காதீங்க, கயண்டு விழுந்துடும்." எல்லோரும் சிரித்தார்கள். அதிகம் சிரித்தது நீங்கள்.

பெண் பார்க்க வந்த அன்றே, கம்பி கட்டிப் பல்லை நேராக்கியது, அது திரும்ப நகராமலிருக்க ராத்திரியில் கிளிப் மாட்டுவது, எல்லாவற்றையும் அப்பா சொன்னார். நீங்கள் போனைத் தடவிக்கொண்டிருந்தீர்கள். கிளிப் இல்லாத இந்த நாட்களில் முன்பல் நகர ஆரம்பித்துவிட்டது. டாக்டர் புதிதாக அளவெடுத்திருக்கிறார்.

அகல்யா

கண்ணமங்கலம்,
14 ஜூன் 2024

அகல்யா,

தெருவில் எல்லோரும் விசாரிக்கிறார்கள், பேஜாராக இருக்கிறது. அடுத்த ஞாயிறு அம்மாவும் நானும் அழைத்துப் போக வருகிறோம். கிளிப்பை நீ போட்டுக்கொள்ளலாம், நான் தூங்கிய பிறகு. விடிவதற்குள் கழற்றிவிட வேண்டும். உறவுக்காரர் கண்ணில் படக் கூடாது. இதற்கு மேல் எந்தப் புருஷனும் இறங்கி வரமாட்டான்.

வெற்றி

ஆரணி,
19 ஜூன் 2024

ஐயா,

எவ்வளவு தூரம் இறங்கி வந்தீர்கள் என்பது தெரிந்தது. அங்கேயே நின்றுகொள்ளுங்கள். ஞாயிறன்று நாங்கள் வீட்டில் இருக்கமாட்டோம். தேவிகாபுரத்தில் என் தோழி சுபத்ராவுக்குக் கல்யாணம்.

புது கிளிப் வந்துவிட்டது. முதலில் இறுக்கி வலித்தது, இப்போது பழகிவிட்டது. எத்தனை காலம் போட வேண்டும் என்று டாக்டரைக் கேட்டேன். ராத்திரிதோறும், ஆயுசு முழுக்க என்றார். சரி என்றேன்.

உங்களோடு சேர்ந்திருக்க முடியுமா என்று வக்கீலம்மா கேட்டார்கள். ஒரு ராத்திரிகூட முடியாது என்று சொல்லியிருக்கிறேன்.

த. அகல்யா