பஞ்சு விரல்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவருடைய கிருபையில் நானும் அம்மாவும் சுகம், அங்கே உன்னையும் அவர் ஒரு குறையும் இல்லாமல் நடத்துகிறார் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். எழுத்து கோழி கிளறியது போலிருக்கும், சிரிக்காதே. தச்சுப் பட்டறையில் மரம் அறுக்கிற அறுவை இயந்திரம் என் வலதுகையில் இரண்டு விரலைக் கொண்டுபோன பிறகு நான் எழுதுகிற முதல் கடிதம் இது, அதுவும் அதே கையால். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் உன் குரலைக் கேட்டாலே எனக்குச் சொல்ல வந்தது ஒன்று சொல்வது ஒன்றாகிவிடுகிறது. போன வாரமும் அப்படித்தான் ஆயிற்று. பாலம் கட்டுகிற படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்து பட்டறையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று நீ சொன்னபோது, வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். இப்போது யோசித்துவிட்டேன்.

உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். கட்டு அவிழ்த்த நாளிலிருந்து என் வலதுகை சட்டைப்பைக்குள்தான் குடியிருந்தது. சாப்பிடும்போதுகூடச் சுவரைப் பார்த்து உட்காருவேன். மெருகு போடுகிற நம்ம வார்னிஷ் மாமா தினமும் சாயந்திரம் வாசலில் வந்து நின்று எப்போது வருகிறீர்கள் என்று கேட்பார், நாளைக்கு என்பேன். பாதி செய்த புத்தக அலமாரி ஒன்று பட்டறையில் கதவில்லாமல் கிடந்தது. இயந்திரத்தை விற்றுவிடலாம் என்று நான் சொன்ன அன்றைக்கு அம்மா தையல் பெட்டியைத் திறந்தாள். ஒரு பழைய கையுறையை எடுத்து, இரண்டு விரலுக்குள் மெல்லிய கம்பி வைத்து, தலையணைப் பஞ்சை அடைத்துத் தைத்து நீட்டினாள். “யாருக்கும் தெரியாதுங்க, போட்டுக்கிட்டு கோயிலுக்கு வாங்க” என்றாள். கொளுத்துகிற வெயிலில் ஒருவன் ஒற்றைக் கையில் மட்டும் கையுறை போட்டுக்கொண்டு வந்தால் யாருக்கும் தெரியாதாம். உன் அம்மாவின் மூளையே தனி. அதைப் போட்டுக்கொண்டு போனேனே, என்னை என்ன சொல்வது.

அன்றைக்கு ஆண்டவர் பரலோகத்துக்கு ஏறிப்போன பரமேறிய நாள் ஆராதனை. ஆரம்பிக்குமுன் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கைகொடுத்து வாழ்த்துவது நம் சபை வழக்கமாயிற்றே, உனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் திரும்பி என் கையைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினார். கையுறை அவர் கையோடு போய்விட்டது. பஞ்சு விரல் இரண்டும் அவர் பிடியில் பின்பக்கமாக மடங்கி நிற்க, மனுஷன் முகம் வெளுத்து, “ஐயோ, கழண்டு போச்சே” என்று கோயிலே கேட்கும்படி சொல்லிவிட்டார். அத்தனை தலையும் திரும்பியது. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. எழுந்து ஓடியிருப்பேன், ஆனால் நான் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன், வழியெல்லாம் ஆட்கள். கையைப் பைக்குள் திணித்துக்கொண்டு குனிந்திருந்தேன்.

போதகர் எதையும் கவனிக்காதவர் போல அன்றைய பகுதியை வாசித்தார். ஆண்டவர் சீஷர்களை ஊருக்கு வெளியே கூட்டிக்கொண்டு போய், தம் கைகளைத் தூக்கி ஆசீர்வதித்தார், அப்படி ஆசீர்வதிக்கும்போதே மேலே எடுத்துக்கொள்ளப்பட்டார் என்று வந்தது. எத்தனையோ தடவை கேட்டதுதான். அன்றைக்கு அந்தக் கைகள் என்ற சொல்லில் என் மனம் சிக்கிக்கொண்டது. எந்தக் கைகள்? ஆணி துளைத்த கைகள். சாவையே ஜெயித்து எழுந்தவருக்கு இரண்டு துளையை மூட எவ்வளவு நேரம் ஆகும்? அவர் மூடவில்லை. எதையும் மாட்டி மறைக்கவும் இல்லை. எல்லாரும் பார்க்கத் தூக்கிக் காட்டி, அதே கைகளோடு போய்ப் பிதாவின் வலதுபக்கத்தில் உட்கார்ந்தார். சரிபண்ணிக்கொண்டு வா என்று பரலோகம் அவரைத் திருப்பி அனுப்பவில்லை. அதுவும் ஒரு தச்சருடைய கை மகளே, நம்ம தொழில்காரர் கை! காயம்பட்ட கை அவ்வளவு உயரத்துக்குப் போய்விட்ட பிறகு, என் கை பட்டறை வாசலைத் தாண்ட ஏன் கூச வேண்டும்? பாட்டுக்கு எழுந்தபோது பையிலிருந்து கையை எடுத்து, தலைக்கு மேலே தூக்கிப் பாடினேன். என் குரல்தான் உனக்குத் தெரியுமே, அறுவை இயந்திரத்தோடு போட்டி போடும். வாத்தியார் கையுறையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார், இன்னும் திருப்பித் தரவில்லை.

அதோடு முடியவில்லை. ஆண்டவரை அனுப்பிவிட்டுச் சீஷர்கள் மிகுந்த சந்தோஷத்தோடு திரும்பினார்கள் என்றும் போதகர் வாசித்திருந்தார். வழியனுப்பிவிட்டு எவன் சந்தோஷமாக வீடு திரும்புவான்? வெளியே வரும்போது போதகரிடமே கேட்டேன். அவர் என் வலதுகையைப் பிடித்துக்கொண்டு, “அவரு அவங்களை விட்டுட்டுப் போகலீங்க. ஒரு இடத்துல இருந்தவரு எல்லா இடத்துலயும் இருக்கறதுக்குப் போனாரு” என்றார். தனியாகிவிட்டேன் என்ற பயத்தில்தான் உன்னை வரவேண்டாம் என்று சொல்லாமல் இருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே புரிந்தது. மறுநாள் காலையில் பட்டறைக்குப் போனேன். வார்னிஷ் மாமா விளக்கைப் போட்டார். பலகை சீவுகிற இழைப்புளி என் பிடியில் நிற்காமல் வழுக்கியது, பிடிக்குத் துணி சுற்றிக்கொண்டேன். முதல் பலகை கோணலோ கோணல், மாமா விழுந்து விழுந்து சிரித்தார், நானும் சிரித்தேன். அடுத்தது நேராக வந்தது. அலமாரிக்குக் கதவு போட்டாகிவிட்டது, இம்மிகூட ஆடாமல் நிற்கிறது.

ஆகவே நீ வராதே. படிப்பை முடி. நீ கட்டுகிற முதல் பாலத்தில் நானும் அம்மாவும் நடந்து போக வேண்டும். லீவுக்கு மட்டும் வரச்சொல்லுங்கள் என்று அம்மா பக்கத்தில் இருந்து சொல்கிறாள், அதற்குத் தடையில்லை. நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு தூங்காதே, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை விடாதே. உன்னை ரயில் ஏற்றிவிட்ட அன்றைக்கு ஐந்து விரலும் இருந்தும் அழுகையில் இந்தக் கையை உயர்த்தி உன்னை ஆசீர்வதிக்கத் தோன்றவில்லை. இதோ, கடிதத்தை முடித்துவிட்டுப் பேனாவை வைக்கிறேன். அம்மா பார்த்துக்கொண்டிருக்கிறாள். உன் பக்கமாகத் திரும்பி, இந்தக் கையைத்தான் தூக்குகிறேன். கர்த்தர் உன்னை ஆசீர்வதிப்பாராக.

மூன்று விரலும் முழுச் சந்தோஷமுமாக,
உன் அப்பா