மோதாத ரயில்

12-8-86

முடியாதுன்னா முடியாது அப்பாதுரை. ரயிலும் ரயிலும் மோதினால்தான் ஜனம் எட்டணா போடுமா? முப்பத்து நாலு வருஷம் விழுப்புரம் சிக்னல் கேபினில் லீவர் இழுத்தவன் நான். மோதாமல் பார்த்துக்கொள்ளத்தான் சம்பளம் கொடுத்தார்கள். அறுபத்தேழு வயசில் மோதவிட்டு வேடிக்கை காட்டணுமா? திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் கடை வச்சிருந்தா நீ பெரிய இவனா?

இதையெல்லாம் அவன் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டும். பஸ் கூட்டேரிப்பட்டு தாண்டிய பிறகுதான் வாய் வந்தது. தனியாகப் பேசுகிறேன் என்று பயந்து பக்கத்து சீட்டுக்காரர் பின்னால் போய்விட்டார். நல்லதாப் போச்சு, ஜன்னலோரம் கிடைத்தது.

13-8-86

கோபம் தணிந்துவிட்டது. ஒழுங்காக எழுதுகிறேன்.

மேஜை அளவு மரப்பெட்டி, மேலே கண்ணாடி. உள்ளே விழுப்புரம் ஜங்ஷன். மெட்ராஸ், திருச்சி, கடலூர், பாண்டி, காட்பாடி என்று அஞ்சு லைன். வரிசையாக எரிந்து ஓடும் பல்புதான் ரயில். எட்டு லீவர். எட்டணா போட்டால் அஞ்சு பக்கமும் வண்டி வரும், மோதாமல் உள்ளே வாங்கி வெளியே அனுப்ப வேண்டும். தப்பான லீவரை இழுத்தால் வராது, லாக். சரியான லீவரை இழுக்கும் வரை எல்லா லைனும் சிவப்பு, வண்டிகள் அப்படியே நிற்கும். நிஜ கேபினில் எப்படியோ அப்படியே.

அஞ்சாங்கிளாஸ் படித்தவன் செய்தது. ரயில்வே வார விழாவில் வெள்ளிக் கோப்பை கொடுத்தார்கள். ரிட்டையர்டு ஸ்டேஷன் மாஸ்டர் பாண்டுரங்கன் சார் இங்கிலீஷில் 'மிஸ்டர் மண்ணாங்கட்டி' என்று என் பேரைப் போட்டுப் பாராட்டி ஒரு லெட்டர் எழுதினார். அர்த்தம் புரிந்த பிறகும் மூன்று தரம் படித்துக் காட்டச் சொன்னேன். நாலாவது தரம் கேட்டபோது கண்டுபிடித்துவிட்டார். ஃபிரேம் போட்டுப் பெட்டி மேலேயே மாட்டியிருக்கிறேன்.

அந்தப் பெட்டிதான் அப்பாதுரையின் வீடியோ கேம் கடையில், இரண்டு ஃபாரின் மிஷினுக்கு நடுவில் தூங்குகிறது.

30-8-86

இன்றைக்கு முழுக்கக் கடையில் உட்கார்ந்து பார்த்தேன்.

பாண்டுரங்கன் சார் பாசஞ்சரில் வந்தார். ஒரே எட்டணா. ஒரு மணி பத்து நிமிஷம் ஆடினார், ஒரு வண்டி லேட்டாகவில்லை. கூட வந்த கார்டும் டிரைவரும் ஆஹா ஊஹூ என்றார்கள். அவர்கள் பாக்கெட்டுக்குள் கை போகவில்லை.

பிறகு மல்லாட்டை மண்டிக்குக் கடலை மூட்டை கொண்டுவந்த ஒருத்தர் போட்டார். இரண்டு லீவர்தான் இழுத்தார். எல்லாம் சிவப்பு.

"பெரியவரே, செத்துட்டனா?"

"சாவலைங்க. நிக்கறீங்க."

"அப்ப ஜெயிச்சது யாரு?"

"ரயில்வே."

அவர் சிரிக்கவில்லை. பக்கத்து ஃபாரின் மிஷினுக்குப் போனார். அங்கே மூணு நிமிஷத்தில் செத்தார். மறுபடி போட்டார், மறுபடி செத்தார். சாகச் சாக சந்தோஷம்!

அப்பாதுரை சொன்னான்: "ஆடத் தெரிஞ்சவன் எழுந்தே போவ மாட்டேங்கறான். தெரியாதவன் கிட்டயே வர மாட்டேங்கறான். நடுவுல நான் இன்னாத்த பண்றது? தீபாவளிக்குள்ள வண்டி மோதணும். இல்லைன்னா ஜல்தியா எடுத்துக்கினு போயிடுங்க."

பெட்டி மேலிருந்த தூசியைத் துண்டால் துடைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

14-9-86

என் சம்சாரம் தைலம்மாளோடு பேசிய பேச்சு இது: தீபாவளிக்குள் பெட்டி ஓடவில்லை என்றால் வாடகை கொடுத்து மாளாது, வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு காணைக்கு, மகள் கிளியம்மாள் வீட்டுக்குப் போய்விடுவது. கரும்புக் கொல்லையில் மோட்டார் கொட்டகை, எனக்கென்று ஒரு கட்டில், தண்ணி பாயுதா என்று பார்க்கிற வேலை. அங்கே ரயில் சத்தமே கேட்காது. ஒரு ஷண்டிங் சத்தம்கூட.

"கோப்பை குடுத்தவங்கள்ல எவனாச்சும் ஒரு பொட்டி வாங்கினானாய்யா?" என்றாள்.

"வாங்குனா நீ எதுல உப்பு வெப்ப?" என்றேன். கோப்பையில்தான் உப்பு கொட்டி வைத்திருக்கிறாள். கரண்டி பறந்து வந்தது.

2-10-86

பாண்டுரங்கன் சார் வீட்டுக்குப் போனேன். ரயில்வே கிளப்புக்கு ஒரு பெட்டி வாங்கச் சொல்லுங்களேன் என்று கேட்டேன்.

"அங்கதான் கேரம் போர்டு இருக்கே மண்ணாங்கட்டி."

சரிங்க சார்.

"ஆனா உன் பொட்டி மாதிரி இந்தியாவுலயே கிடையாது. யார் சொன்னாலும் அந்த லாக்குல மட்டும் கை வெக்காதே."

காப்பி கொடுத்தார்கள். நல்ல காப்பி.

19-10-86

ஒரே ஒயர்தான். நீலம். அதை எடுத்தால் லாக் கிடையாது. செய்தவனுக்குத் தெரியாதா?

26-10-86

எடுத்துவிட்டேன். லாரி ஹாரன் ஒன்றை உள்ளே மாட்டினேன். மெட்ராஸ் வண்டியும் திருச்சி வண்டியும் ஒரே லைனில் எதிரெதிரே ஓடி வந்தன. என் கை தானாக லீவரைத் திருப்பப் போயிற்று. அப்பாதுரை கையைப் பிடித்துக்கொண்டான். ஹாரன். கடையே ஓ என்று கத்திற்று. கண்ணை மூடிக்கொண்டேன், எத்தனை பேர் உள்ளே இருந்திருப்பார்கள் என்று... பல்புடா மண்ணாங்கட்டி, பல்பு!

மல்லாட்டைக்காரர் மூணு தரம் மோதவிட்டார். நாலாவது தரத்துக்குச் சில்லறை மாற்ற ஓடினார்.

3-11-86

தீபாவளி முடிந்தது. காணைக்குப் போகவில்லை. தைலம்மாள் கோப்பையைக் கழுவிப் புளி போட்டுத் தேய்த்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள்.

18-1-87

அப்பாதுரை இன்னும் நாலு பெட்டி கேட்டிருக்கிறான். வீட்டுக்குள் நடக்க வழியில்லை, இரண்டு பெட்டிக்கு நடுவில்தான் படுக்கை. ஒவ்வொன்றையும் பத்துத் தரம் மோதவிட்டுப் பார்த்துத்தான் அனுப்ப வேண்டும். தைலம்மாள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு சமைக்கிறாள். நான் கிண்டல் பண்ணினால் அவளுக்குக் கேட்பதில்லை. யாரைக் கிண்டல் பண்றது?

1-2-87

திண்டிவனம் போயிருந்தேன். பாண்டுரங்கன் சார் வந்தார். ஒயர் விஷயம் அவருக்குத் தெரியாது. நான் சொல்ல வாயெடுப்பதற்குள் எட்டணா போட்டுவிட்டார்.

கேபின் ஆட்களுக்கு ஒரு பழக்கம். அவசரத்தில் அடுத்த லீவரையும் முன்கூட்டியே ஒரு இழு இழுத்துப் பார்ப்போம். கூடாது என்றால் லாக் விடாது, அந்த தைரியம். அவரும் கேபினில் இருந்தவர்தானே, அப்படித்தான் இழுத்தார். வந்துவிட்டது.

ஹாரன் அடித்தது. சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். "பெருசு சூப்பரா மோதுச்சுபா!"

லீவரைப் பிடித்த கையை அவர் எடுக்கவே இல்லை. பிறகு தன் லெட்டரைப் பார்த்தார். பிறகு என்னை.

"வெட்டல சார். அந்த நீல ஒயரு உள்ளயேதான் இருக்கு. டேப்பு சுத்தி பத்திரமா வெச்சிருக்கேன். எப்ப வேணும்னாலும் திரும்பவும் அதை மாட்டிட..."

பாசஞ்சருக்கு நேரமாயிற்று என்றார்.

டேப்பு வரைக்கும் காதில் விழுந்திருக்கும். மிச்சத்தை நான் சொல்லும்போது அவர் ரோட்டைத் தாண்டிவிட்டார்.