கூடுதலாக இருந்த தட்டு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சமையல் வேலைக்கு வந்த இந்த மலைவீட்டில் முதல் இரவு, மேசையில் ஒரு தட்டு கூடுதலாக இருந்ததைத்தான் முதலில் கவனித்தேன். பனிச்சறுக்கு விளையாட வந்த விருந்தாளிகளை எண்ணிப் பார்த்துவிட்டு, அதை எடுத்து உள்ளே வைத்தேன். வீட்டுக்காரி திரும்பக் கொண்டுவந்தார்.

"அது உனக்கு. விருந்தாளிகளோடு இருந்து, கதைச்சுச் சாப்பிட வேணும். சமைக்கிறது மட்டுமில்லை, அதுவும் உன்ரை வேலைதான்."

"பள்ளிக்கூடமும் விட்டாச்சு, வாயும் திறக்கமாட்டாள். ஒரு கிழமையிலை திரும்பி வருவாள், பாரும்" என்று நான் புறப்பட்ட அன்று அப்பா உங்களிடம் சொன்னது எனக்கும் கேட்டது. வீட்டில் மற்ற எல்லோரும் சாப்பிட்டு எழும்பிய பிறகுதான் நீங்கள் குசினியில் சாப்பிடுவீர்கள். எனக்கும் அதுதானே பழக்கம்.

ஆனால் சமைத்தது நான், அம்மா!

கதிரையை இழுத்து அவர்கள் நடுவில் இருந்தேன். "சூப்புக்கு உப்புக் காணுமோ, போதாதோ?" என்று அவர்களின் ஜேர்மன் மொழியில் கேட்டேன்.

உங்கள் சின்னவள்