படத்தில் மிஞ்சிய கை

படத்திலிருந்து உன்னை வெட்டி எடுத்துவிட்டார்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சாஃப்ட்வேர் கம்பெனியின் ஆண்டு விழா மலர் கூரியரில் வந்தது. வழவழப்பான தாள், பிரித்ததும் புது மை வாடை. முதல் பக்கத்தில் தோல் பதனிடும் ஆம்பூர் டேனரியின் மாடி அறையில் எடுத்த அந்தப் பழைய படம். கம்ப்யூட்டர் இருக்கிறது, பக்கத்தில் முதலாளி, பின்னால் நான். ஓரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த நீ இல்லை. ஆனால் உன் கையை அவர்களால் எடுக்க முடியவில்லை. அது கீபோர்டின் மேல் இருந்தது. வலது மணிக்கட்டில் கடிகாரம் கட்டிய, யாருடையது என்று தெரியாத ஒரு கை. கீழே ‘நிறுவனர்’ என்று முதலாளி பெயர். ‘தொழில்நுட்ப உதவி’ என்று சின்ன எழுத்தில் என் பெயர். உயிரோடு இருப்பவன் சத்தம் போடுவான் என்று என்னை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள்.

அந்த டேனரியில் நீ டெஸ்பாட்ச் கிளார்க். நான் வேலூரில் ரேடியோ ரிப்பேர் செய்துகொண்டிருந்தவன். முதலாளி வெளியூரிலிருந்து ஒரு கம்ப்யூட்டரை வாங்கி வந்து, இயக்க ஆளில்லாமல் துணி போட்டு மூடி வைத்திருந்தார். பிளக்கைப் பார்க்கக் கூப்பிட்டார்கள் என்று வந்தேன், அப்படியே ஒட்டிக்கொண்டேன். வேலூரில் பஸ் ஏறி உனக்கு இடம் பிடித்து வைப்பேன். பள்ளிகொண்டாவில் நீ ஏறுவாய். மடியில் கம்ப்யூட்டரோடு வந்த அந்த இங்கிலீஷ் புத்தகமும் அகராதியும். நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை. புரோகிராம் எழுதக் கற்றது அந்த பஸ் சீட்டில்தான். கம்பெனி பிறந்த இடத்தை மலரில் எழுதுகிறவர்கள் அதை எழுதியிருக்க வேண்டும்.

கம்ப்யூட்டர் இருந்த அந்த ஏசி அறைக்குள் தூசி போகக் கூடாது என்று செருப்பை வெளியே விடச் சொன்னவன் நான். முதலாளி புது ஷூவோடு வந்து நின்றார்.

“யோவ், ஷூ செய்யிறதுக்கே தோல் போடுற ஆளுய்யா நானு. என்னையே கழட்டச் சொல்றியா?”

“மிஷினுக்குத் தெரியாது முதலாளி, கழட்டுங்க” என்றாய் நீ. கழற்றினார். படத்தில் வெறுங்காலோடுதான் நிற்கிறார். மலரில் அந்தக் காலையும் வெட்டிவிட்டார்கள்.

தோல் கணக்குப் புரோகிராமின் முதல் சோதனை உனக்கு நினைவிருக்கும். தோலின் பின்பக்கம் சதுர அடிக் கணக்கைப் பெரிதாக எழுதி, கால் கணக்கை அதன் தலைமேல் சின்னதாகப் போடுவார்கள். ஏழு, மேலே சின்ன மூன்று என்றால் ஏழே முக்கால் அடி. அளவு பார்க்கும் கோவிந்தன் ஏழு, புள்ளி, மூன்று என்று அடித்துக்கொண்டே போனார். மொத்தம் எங்கேயோ போய் நின்றது. முக்கால் என்றால் எழுபத்தைந்து அடிக்க வேண்டும் என்று நான் விளக்கினேன்.

“இன்னா சார் நீ? பொறந்ததுலேர்ந்து முக்காலு மூணு காலு. அது எப்ப எழுவத்தஞ்சாச்சி?”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பேஜாராகிவிட்டது. நாலு நாள் சொல்லிக்கொடுத்தால் பழகிவிடுவார்கள் என்றேன். நீ கேட்கவில்லை.

“அவங்க எதுக்குய்யா பழகணும்? மிஷின் பழகட்டும்.”

மறுவாரம் நீ மாற்றி எழுதியிருந்தாய். புள்ளியே வேண்டாம். அடியை அடித்து, அடுத்த கட்டத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று கால் கணக்கை அடித்தால் போதும். கோவிந்தன் அன்றே வேலையை ஆரம்பித்தார். அதன் பிறகு ஒவ்வொரு டேனரியாக நம்மைத் தேடி வந்தது. முதலாளி அதையே ஒரு கம்பெனியாக்கினார். சொல்லிக்கொடுத்திருக்கலாம் என்றுதான் நான் இன்னும் சொல்வேன். ஆனால் அது உன் வேலை. அதை இன்னொருவன் வேலை என்று யாரும் சொல்லக் கூடாது.

சொல்கிறார்கள். மலரோடு நான் வேலூர் ஆபீசுக்குப் போனேன். முழங்கால் வலி, ஷேர் ஆட்டோ குலுக்கல், மூன்று மாடி. முதலாளியின் மகன் மரியாதையாகத்தான் உட்கார வைத்தான். புதிய சாஃப்ட்வேரைப் பெரிய திரையில் காட்டினான். ஏழு என்று அடித்தான், அடுத்த கட்டத்தில் மூன்று என்று அடித்தான். ஏழே முக்கால் வந்தது.

“இது நம்ம ஸ்பெஷாலிட்டி அங்கிள். அப்பாவோட ஐடியா.”

“உங்கப்பா கீபோர்டத் தொட்டதே இல்ல தம்பி. இந்தக் கை யாருதுன்னு தெரியுமா?”

படத்தைக் குனிந்து பார்த்தான். “டிசைன் பண்ணவங்க விட்டுட்டாங்க போல. எடுத்துடச் சொல்றேன்” என்றான்.

கையையும் எடுத்துவிடுவானாம். பிறகு, விழா மேடையில் எனக்குப் பொன்னாடை உண்டு என்றான். நான் எழுந்து வந்துவிட்டேன்.

நீ இருந்தால், ஆஸ்பத்திரிக் கட்டிலில் சொன்னதையே சொல்வாய். “பேரு இன்னாத்துக்குய்யா? கணக்கு சரியா வருதுல்ல, விடு.” நீ விடுவாய். எனக்கு அலுப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும் விட மாட்டேன்.

ஆக வேண்டியது இவ்வளவுதான். முழுப் படம் என் பீரோவில் இருக்கிறது. அதைப் பெரிதாக்கி ஆபீஸ் வாசலில் மாட்ட வேண்டியவன் முதலாளியின் மகன். கீழே உன் பெயர் முதலில் வர வேண்டும். டிசைன் செய்தவர்கள் முதல் பக்கத்தைத் திரும்ப அச்சடிக்க வேண்டும். அந்தப் புது மலரைக் கூரியரில் அனுப்பாமல் அவனே பள்ளிகொண்டாவுக்குப் போய் உன் மனைவி கையில் கொடுக்க வேண்டும். அதுவரை பொன்னாடையை வேறு யாருக்காவது போர்த்தட்டும்.

என் பங்குக்கு நான் திங்கட்கிழமைதோறும் அந்த மூன்று மாடி ஏறி, வரவேற்பறையில் முழுப் படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். அங்கே எல்லாரும் ஷூவோடுதான் நடக்கிறார்கள். போன முறை செருப்பைக் கழற்றப் போனபோது செக்யூரிட்டி, “அதெல்லாம் வேணாம் பெரியவரே, போட்டுக்கினே போங்க” என்றான். நான் வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் போனேன். இனியும் அப்படித்தான் போவேன்.