எஸ்தருக்குக் கண் முகாம்

எஸ்தர்,

எழுத்து ஏன் இம்புட்டுப் பெரிசு என்று கேட்காதே, காலண்டர் தாள் பெரிசு. நான் டி. கல்லுப்பட்டி கண் முகாமுக்குப் போகிறேன். உன் பெயரைக் கொடுக்கத்தான்.

நேற்று ஜெபக்கூட்டத்தில் பைபிளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு சங்கீதம் முழுவதையும் மனப்பாடமாகச் சொன்னாய். அத்தனை பேர் முன்னால் நான் சிரித்திருக்கக் கூடாது. ராத்திரி தூக்கமே வரவில்லை. எத்தனை நாளாக இப்படி ஒப்பேற்றுகிறாய்? அடுப்பில் கையைச் சுட்டுக்கொண்டதும் இதனால்தானா? கூடவே இருக்கிற எனக்குத் தெரியவில்லையே. முதலில் பார்க்க வேண்டியது என் கண்ணைத்தான்.

"ஆபரேஷன் பண்ணிட்டா ஒங்களுக்கு யாரு சோறு பொங்குறது?" என்கிறாய். நான் பொங்குகிறேன். என் சாம்பாரைப் பார்க்கப் பயமாக இருந்தால், கண்கட்டு அவிழ்ப்பதற்குள் சாப்பிட்டுவிடு.

இட்லி மூடி வைத்திருக்கிறேன். சுகர் மாத்திரையை மறக்காதே, காபிக்குச் சீனி வேண்டாம். சுகர் ஏறியிருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நர்ஸ் பவதாரிணி பிரஷர் பார்க்க வருவாள். "எனக்கு ஒண்ணுமில்ல தாயி" என்று விரட்டாமல், அவள் கையைப் பிடித்துக்கொண்டு பத்து மணி பஸ்ஸில் ஏறிவிடு. சாவி தங்கப்பொண்ணு வீட்டில் இருக்கட்டும்.

ஸ்டீபன்

செருப்பு மாட்டிய பிறகு திரும்பி வந்து எழுதுகிறேன்: கோபத்தோடேயே வா, பரவாயில்லை.

மறுபடியும் நான்தான். என் பெயரையும் கொடுக்கப்போகிறேன். பஸ் போர்டு எனக்கும் கலங்கலாகத்தான் தெரிகிறது, உன்னிடம் சொல்லவில்லை. நீ வராவிட்டால் நானும் ஆபரேஷன் செய்துகொள்ள மாட்டேன். ரெண்டு பேரும் கைகோத்துக்கொண்டு ஒரே கதவில் முட்டிக்கொள்வோம்.